மூன்றாவது கல்

பூமி வாங்க வந்தவர் செருப்பைக் கழற்றிக் கிணற்றுமேட்டில் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தண்ணியக் குடிச்சுப் பாக்காம நான் பூமி வாங்கறதில்லீங்க."

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். மோட்டாரைப் போட்டுக் குழாயில் பிடித்துத் தரட்டுமா என்று புரோக்கர் நாச்சிமுத்து கேட்டார். குழாய்த் தண்ணீர் குழாய் ருசிதான் காட்டும் என்று வந்தவர் சொல்லிவிட்டார்.

எங்கள் கிணற்றுக்குக் கட்டிய படிக்கட்டு கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. ஒவ்வொன்றும் இரண்டு பாதம் வைக்கிற அகலம். பிடிக்க ஒன்றும் இல்லை.

அவர் முதல் கல்லில் கால் வைத்தார்.

வரும் வழியிலேயே நாச்சிமுத்து என்னைப் பின்னால் இழுத்துச் சொல்லியிருந்தார்.

"கெணத்துல ஆராச்சும் உளுந்தாங்களான்னு கேப்பாரு. இல்லைன்னு சொல்லிப்போடுங்க. உங்க ஊட்டு நாயத்தையெல்லாம் அவருகிட்ட அவுத்து உடாதீங்க."

கேட்கவும் செய்தார். நான் வாய் திறப்பதற்குள் நாச்சிமுத்துவே பதில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கல்.

"மூணாவது கல்லு ஆடுமுங்க. பாத்து" என்றேன்.

நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது கல் ஆடுகிறது என்று எனக்குச் சொன்னவள் மயிலா. என் மனைவி. நான் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதப் போய்விடுவேன். தோட்டம் அவளுடையது. தண்ணீருக்குள் இருக்கும் குழாய் நுனியில், புட்வால்வில் தழை அடைத்துக்கொண்டால் அவள்தான் இறங்கி எடுத்துவிடுவாள். நான் ஒருநாளும் இறங்கியதில்லை.

போன சித்திரையில் அப்படி இறங்கினாள்.

அல்லது, இறங்கவில்லை.

அதற்கு முந்தைய மூன்று நாட்கள் எங்களுக்குள் பேச்சில்லை. பூமியை விற்றுவிடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். அந்தச் சண்டை ஊருக்கே தெரியும். அதனால் ஊர் ஒரு கதை வைத்திருந்தது. இழவுக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்த விதத்திலேயே அந்தக் கதை தெரிந்தது.

பின்மண்டையில் அடி. வழுக்கினாலும் படும், குதித்தாலும் படும் என்றார்கள்.

மூன்றாவது கல் ஆடும் என்றேன் நான். போலீசிடம் சொன்னேன். மச்சானிடம் சொன்னேன். என் மகளிடம் பலமுறை சொன்னேன். அவள் ஒவ்வொரு முறையும் "செரிங்கப்பா" என்பாள்.

ஒரு வருடமாகக் கிணற்றுமேட்டுக்கு வருகிறேன், போகிறேன். மூன்று கல் இறங்கிக் கால் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

ஆடாவிட்டால்?

அவர் மூன்றாவது கல்லில் நுனிக்காலை வைத்தார். பிறகு முழுக்காலையும். இரண்டு காலிலும் நின்று உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்தார். குதிகாலால் ஒரு மிதி மிதித்தார்.

"ஆடலீங்களே. மலையாட்டம் நிக்குது."

நாச்சிமுத்து சிரித்தார். "அந்தக் காலத்து வேலைங்க. ஆடுமா?"

நான் பம்புசெட் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சுவர் சுட்டது. மேலே தென்னை மட்டை ஒன்று காற்றில் உரசிக்கொண்டே இருந்தது. என் மகளின் "செரிங்கப்பா" காதில் கேட்டது. அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் இறங்கிக்கொண்டிருந்தார். நான்காவது. ஐந்தாவது. தலை மட்டும் தெரிந்தது. நான் ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. ஆறாவது. ஏழாவது.

"அட!"

கீழே கல் உரசும் சத்தம். பொடிக்கல் ரெண்டு தண்ணீரில் விழுந்தது. அவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"இதுதானுங்க ஆடுது! மேல இருந்து மூணாவதுன்னீங்க?"

மேல இருந்து என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

எட்டிப் பார்த்தேன். சித்திரைக்குச் சித்திரை தண்ணீர் இந்த மட்டத்தில்தான் நிற்கும். அவர் நின்ற கல்லுக்குக் கீழே இன்னும் இரண்டு கல். அதற்குக் கீழே தண்ணீர்.

மேலே நின்று பார்க்கிற எனக்கு மூன்றாவது இது. தண்ணீரில் நின்று வேலை செய்துவிட்டு ஏறுகிறவளுக்கு, கீழிருந்து எண்ணினால், மூன்றாவது அது.

அவர் மெதுவாக இறங்கினார். இரண்டு கையிலும் அள்ளிக் குடித்தார். வாயில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார். இன்னொரு கை குடித்தார். ஏறும்போது ஏழாவது கல்லை மிதிக்காமல் தாண்டினார்.

கடைசிக் கல்லில் நின்று கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். ஈரக்கை.

"தண்ணி நல்லாருக்கு."

"நாஞ் சொல்லலீங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"அந்தக் கல்லுலதானுங்க என் சம்சாரம் கால் தவறி உளுந்தா" என்றேன். "போன சித்திரைல."

நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு தென்னைப் பக்கம் நடந்தார்.

வாங்க வந்தவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். கிணற்றை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆடறது முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியும். அவ சொன்னா. கொத்தனாரக் கூட்டியாரச் சொன்னா."

"அப்பறம்?"

அவளுக்கு அன்று நான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருந்தது. அதையே அவரிடமும் சொன்னேன்.

"விக்கிற பூமிதானே."