வானத்திலிருந்து விழுந்த மூடி

அன்று பங்கு மன்றத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் பங்குத்தந்தை தோன் லிபோரியோ. அவருக்கு வலப்புறம் ஓய்வுபெற்ற வக்கீல் எத்தோரே, இடப்புறம் அவர் மனைவி ஜுடித்தா. கதவோரம் பேனாவும் காகிதமுமாக மன்றச் செயலாளர் நுன்சியா. இனிப்புக் கடை நடத்தும் பெண்மணி, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர்.

நால்வர் முகமும் சிவந்திருந்தது. ரோமிலிருந்து ஒரு இயக்குநர் அனுப்பிய காதல் படத்தை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தார்கள். டோராவும் சவேரியோவும் படம் முழுக்க அடித்துக்கொண்டார்கள், கட்டிக்கொண்டார்கள், மறுபடி அடித்துக்கொண்டார்கள்.

‘உங்கள் நேப்பிள்ஸில், உங்கள் தெருவிலேயே நடந்ததை வைத்து எடுத்த படம். சனிக்கிழமை முதல் காட்சியை உங்கள் மன்றத்திலேயே நடத்த ஆசை’ என்று அவர் எழுதியிருந்தார். பதில் இன்றைய தபாலில் போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறைமாவட்ட ஆயர் வருகிறார். பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சூப் பாத்திர மூடியை மந்திரிக்கத்தான் வருகிறார்.

அந்த மூடியின் கதை தெருவுக்கே மனப்பாடம். வருடத்தின் கடைசி இரவில் பழைய பீங்கானை ஜன்னல் வழியே வீசுவது எங்கள் ஊர் வழக்கம். அப்படியொரு இரவில், இளைஞரான லிபோரியோ பூங்கொத்தோடு பெண் கேட்கப் போனபோது, ஒரு சூப் பாத்திரம் அவர் தலையில் விழுந்தது. மயங்கிச் சாய்ந்தவர், இறைவன் அழைத்ததைக் கேட்டு எழுந்து நேராகப் பாதிரியாராகப் படிக்கக் குருமடம் போய்விட்டார். பெண்ணின் பெயரை மட்டும் அவர் பிரசங்கத்தில் சொல்வதில்லை. வழுக்கையாகிவிட்ட அந்தத் தலையில் இன்று ஒரு கீறல்கூடக் கிடையாது. அது இரண்டாவது அற்புதம்.

“ஓடுற டிராம்ல அவன் காதைக் கடிக்கிறா, சாமி!” என்றார் எத்தோரே. “இத்தனை வருஷத்துல இவ என்னை ஒரு தடவை கடிச்சிருப்பாளா?”

“உங்க காதுல கடிக்க இடம் எங்க இருக்கு? முழுக்க முடி” என்றார் ஜுடித்தா.

“கடிச்சா கடிச்சிட்டுப் போறா. காதல்தானே” என்றார் தோன் லிபோரியோ.

“மீன் சந்தையில, ஐஸ் மேல உருண்டு முத்தம் கொடுத்துக்கிறாங்களே, அது?” என்றார் எத்தோரே.

“மீனே சும்மா இருக்கு. நமக்கென்ன?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருடம் ஒரு முழங்கால் தெரிந்ததற்காகப் படத்தைப் பாதியில் நிறுத்தியவர் இந்தச் சாமி.

“ஒரே ஒரு காட்சிதான் கூடாது” என்றார் தோன் லிபோரியோ. “அந்தப் பாத்திரக் காட்சி.”

படத்தில் வருடக் கடைசி இரவில் டோரா நாலாவது மாடியிலிருந்து சவேரியோவின் தலைக்குக் குறிவைத்து ஒரு சூப் பாத்திரத்தை வீசுகிறாள். குறி தப்பி, அது தெருவில் பூங்கொத்தோடு வரும் யாரோ ஒரு இளைஞனுக்குச் சற்றுத் தள்ளி விழுந்து நொறுங்குகிறது. அவன் மேல் ஒரு சில்லுகூடப் படவில்லை. தான் பெண் கேட்க வந்த வீட்டின் ஜன்னலை அவன் நிமிர்ந்து பார்க்கிறான், திரை மூடியிருக்கிறது. உருண்டு வந்த மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் மல்லாந்து படுத்துவிடுகிறான்.

“என் அற்புதத்தையே கேலி பண்றான்! ஆயர் காதுக்குப் போனா என்ன ஆகும்?”

“ஆனா சாமி தலையில விழுந்தது ஊருக்கே தெரியுமே” என்றார் எத்தோரே.

“யார் பார்த்தாங்க?” என்றார் நுன்சியா.

“யார் பார்க்கணும்? பீங்கான் பறக்கிற நேரத்துல தெருவுல எவன் நிப்பான்? எல்லாரும் வீட்டுக்குள்ளதான்!”

“அதுவும் சரிதான்” என்று நுன்சியா பேனாவைத் திறந்தார்.

“எழுதிக்கோ. சனிக்கிழமை மன்றம் உங்களுக்குத் தரப்படும். ஆனா பாத்திரக் காட்சியை வெட்டிடணும். அது உலகத்துல நடக்கவே முடியாத சங்கதி.”

“ஏன் முடியாதுன்னு கேப்பாரே, சாமி?”

தோன் லிபோரியோவுக்குக் கோபம் தலைக்கேறியது. வழுக்கை பளபளத்தது.

“ஏன்னா கேக்கறே? புதுக் கோட்டு போட்டவன் எவனாவது வெறுந்தரையில படுப்பானா? கைக்குட்டையை நாலு பக்கமும் இழுத்து விரிச்சு, அதுக்கு மேலதான் முதுகைச் சாய்ப்பான். இதுகூடத் தெரியாம படம் எடுக்க வந்துட்டான்!”

“பாயிண்ட்டுதான்” என்றார் வக்கீல்.

“கம்பளிக் கோட்டுல தெருச் சேறு பட்டா போகவே போகாது” என்றார் ஜுடித்தா.

நுன்சியா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். சாமி கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நாலாக மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, முஷ்டியால் ஒரு குத்துக் குத்தி ஒட்டினார் நுன்சியா. வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த தோன் லிபோரியோ, நிம்மதியாக மூச்சு விட்டு, நுன்சியா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, ரம்மில் ஊறிய கேக் ஒன்றை எடுத்தார்.

அதைச் சாமி வாயில் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்து, நுன்சியா சொன்னார்: “திரைக்குப் பின்னால நின்னு பார்த்தேனே, நீ கைக்குட்டையை விரிச்சதையும் நான் அந்த இயக்குநர்கிட்ட சொன்னேன், லிபோரியோ, அவர்தான் படத்துல விட்டுட்டார்.”