ஆவியில் திறந்த உறை

இங்கிலாந்தின் ஹல் நகரத் தேவாலயக் கூடத்தில் தபால் கண்காட்சி. ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே விரிந்து நிற்கிறது மியூரியலின் போர்க்காலக் கடித உறை. ஒரு பக்கம், போர்முனையிலிருந்து கணவர் எழுதிய அவள் முகவரி. காகிதப் பஞ்சத்தில் அதே உறையை அவள் உட்புறம் வெளியே வரத் திருப்பி ஒட்டி அவருக்கு அனுப்பியது மறுபக்கம்; அதன் குறுக்கே 'ஆளைக் காணவில்லை, அனுப்பியவருக்கே திருப்புக' என்று ஊதா முத்திரை. கீழே முதல் பரிசு அட்டை. "ரெண்டு பக்கமும் தெரியணுமேன்னு கெட்டில் ஆவியில காட்டித் திறந்தேன், மிஸஸ் ஹோல்ட்பி. ஒரு கிழிசல் இல்ல!" என்கிறார் மியூரியலிடம் தபால்தலைச் சங்கச் செயலாளர் பார்கிட்டர், ஏதோ உயிரைக் காப்பாற்றியவர்போல. உறைக்குள் இருந்த கடிதத்தைத் தனியாக நீட்டுகிறார். "அழகா எழுதியிருக்கீங்க."

மியூரியலின் கழுத்து சிவக்கிறது. "படிச்சு வேற பாத்தீங்களா? மூடினபடி காட்சிக்கு வைக்கத்தானே குடுத்தேன்! முப்பது வருஷமா நானே திறக்கலய்யா! திறக்க வேண்டியவரு இன்னும் வரல." அவள் கண்ணாடியைப் பிரித்து, கடிதத்தை உள்ளே வைத்து, உறையைப் பழையபடி மடித்து, விளிம்பை நாக்கால் நனைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். விரல் நுனி வெளுக்கும்வரை அழுத்துகிறாள். பசை ஆவியோடு போய்விட்டது. விரலை எடுத்ததும் உறை திறந்துகொள்கிறது.