இடது ஓரச் சிரிப்பு

செழியன் இறந்த பிறகு அவன் சாமான்களை எடுத்துவர லிஸ்பனுக்குப் போனவன், அவனோடு இரட்டையாகப் பிறந்த மாறன். செழியனின் போனிலிருந்த வாலெட் செயலியில் அவன் யூரோக்கள் அப்படியே கிடந்தன.

"வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதைப் போர்ச்சுக்கீசியத்துல மாத்தி முடிக்கிறதுக்குள்ள நீயும் போய்ச் சேந்துருவ மச்சான்," என்றான் செழியனின் அறைத்தோழன் ஜெரால்டு. "பேசாம அதுல பிட்காயின் வாங்கி உனக்கு அனுப்பிக்க. மூஞ்சிதானே கேக்கும்? அதான் ஸ்பேர் வச்சிருக்கியே."

வாலெட் முகத்தைக் கேட்டது. மாறன் காட்டினான். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினான். உயிருள்ள ஆள்தானா என்று உறுதிசெய்ய, சிரிக்கச் சொன்னது. சிரித்தான். பொருந்தவில்லை என்றது.

"அவன் எடது பக்கம் மட்டுந்தாண்டா சிரிப்பான்," என்றான் ஜெரால்டு.

மாறன் வாயின் இடது ஓரத்தை மட்டும் மேலே தூக்கினான். 'நல்வரவு, செழியன்' என்றது போன். பிட்காயின் வாங்கியாயிற்று. ஜெரால்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

"போதும்டா, சிரிக்காத."

"நான் எங்கடா சிரிக்கிறேன்?"

மாறன் தன்னுடைய போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். அது திறக்கவில்லை. உதட்டின் இடது ஓரத்தை விரலால் கீழே இழுத்தான். விரலை எடுத்ததும் அது மேலே போனது.

அப்போது அந்தப் போனிலேயே அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. பிறந்ததிலிருந்து அம்மா அவர்களை ஒருமுறைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. திரையை உற்றுப் பார்த்தவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"வந்துட்டியா செழியா," என்றாள். "மாறன் எங்கடா?"