ஆறு மணிக் கையெழுத்து

"ஏனுங்க, நகராட்சியிலிருந்து ஆள் வந்திருக்குதுங்க. கையில சீல் குத்தின கவரு!"

மனைவி ராமாமணி சொன்னதுமே நரசிம்மலுவின் மூன்று நாள் காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது. கஷாயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் உடுத்தும் ஜரிகை வேட்டியை எடுத்துவரச் சொன்னார்.

சுதந்திர தினத்துக்கு இன்னும் நாலே நாள். அன்றைக்கு நகராட்சி யாராவது ஒருவருக்கு 'சிறந்த குடிமகன்' என்று பொன்னாடை போர்த்தி ஷீல்டு கொடுக்கும். இந்த வருஷம் அது தனக்குத்தான் என்று முடிவுகட்டி, தாராபுரத்துச் சகலைக்குக் கார்டே போட்டுவிட்டார் நரசிம்மலு.

அந்தச் சகலை ரத்ததானத்துக்கு வாங்கிய ஷீல்டை டிவி மேல் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்க்க வைக்கிற மனிதர். கார்டு போட்ட பிறகு ஷீல்டு வராமல் போனால் இனி அந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது.

பஞ்சு மில்லில் முப்பது வருஷம் டைம் ஆபீஸ் பார்த்தவர் நரசிம்மலு. இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கும் மெமோ கொடுத்தே பேரெடுத்தவர். ரிட்டையர் ஆனபின் மெமோ கொடுக்க ஆளில்லை. கொடுத்தாலும் ராமாமணி வாங்கமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான், 'பூங்காவைப் பொதுமக்களும் நகராட்சியும் சேர்ந்து பராமரிப்போம்' என்று ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர்கள் ஜீப் ஏறிப் போனார்கள். கை தட்டியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரங்கநாயகி லே-அவுட் பூங்காவில் துடைப்பத்தோடு வந்து நின்றவர் நரசிம்மலு ஒருவர்தான்.

"நம்மூட்டு வாசலைக் கூட்டச் சொன்னா இடுப்பு வலிங்கறீங்க" என்று ராமாமணி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

பூங்காவை வழக்கமாகக் கூட்டும் மாரியாத்தாளை அடுத்த வாரத்திலிருந்து காணோம். "அந்தம்மாவ வேற பக்கம் மாத்திப்போட்டாங்க" என்றார் துப்புரவு மேஸ்திரி குமாரசாமி. தன்னால் அரசாங்கத்துக்கு ஓர் ஆள் மிச்சம் என்று நரசிம்மலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேஸ்திரியும் அவரைக் கொண்டாடினார். வந்ததும் ஒருமுறை, கூட்டி முடித்ததும் ஒருமுறை, பாதி மடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தவறாமல் நீட்டுவார்.

"முழுப் பேரு எதுக்குங்க? சும்மா ஒரு கிறுக்கு கிறுக்குங்க, போதும். உங்க சேவை ரெக்கார்டுல ஏறோணுமில்லீங்க."

சேவை ரெக்கார்டில் ஏறுகிறது என்றால் யாருக்குக் கசக்கும்? ஆயிரம் பேரின் கையெழுத்தைச் சந்தேகப்பட்ட மனிதர், தன் கையெழுத்து எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஜரிகை வேட்டியோடு வாசலுக்கு வந்தார். கவரோடு நின்ற குமாரசாமியின் முகத்தில் சிரிப்பில்லை. பெரிய மரியாதையைக் கொண்டுவருகிறவருக்கு இந்த அடக்கம் வேண்டியதுதான் என்று அதையும் மெச்சிக்கொண்டார்.

"ஒடம்பு எப்படீங்க இருக்குது?"

"அதை உடுங்க. ராமாமணி, மேஸ்திரிக்குக் காப்பி கொண்டா!"

"காப்பி கெடக்கட்டுங்க. ஒரு சிக்கலாயிப்போச்சு. புதுசா வந்திருக்கற சானிட்டரி இன்ஸ்பெக்டர் நேத்து நோட்டை வாங்கிப் பாத்துப்போட்டாருங்க."

"பாக்கட்டுமே! ஆறு மாசத்துல ஒருநாள் தப்பியிருக்குதுங்களா?"

"கடைசி மூணு நாள் தப்பிப்போச்சுங்களே."

நரசிம்மலு கவரைக் கிழித்தார். முப்பது வருஷம் அவரே எழுதி எழுதித் தேய்ந்த வாசகம் உள்ளே இருந்தது. 'முன் அனுமதியின்றி மூன்று நாட்கள் பணிக்கு வராதது குறித்து உடனடியாக எழுத்து மூலம் விளக்கம் தரவும்.'

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே இருந்த பெயரைப் படித்தார். போன உயிர் திரும்பி வந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இது மாரியாத்தாளுக்கு வந்த மெமோ! ஊடு மாறி வந்துட்டீங்க."

"ஊடெல்லாஞ் சரிதானுங்க." குமாரசாமி தலையைச் சொறிந்தார். "அந்தம்மா ஆறு மாசமா ஆபீசர் ஊட்ல சமையல் பண்ணிக்கிட்டிருக்குது. காய்ச்சல்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துப்போட்டு, நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருங்க."

"அவளுக்கு வந்த மெமோவுக்கு நான் எதுக்குங்க எழுதோணும்?"

"ரிஜிஸ்டர்ல ஆறு மாசமா நீங்கதானுங்களே மாரியாத்தாள்!"