பாட வராத பாடகர் குழு

“கடைசி நேரத்துல கழுத்தறுத்துட்டார் அந்த மனுஷன்.”

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள் சபைச் செயலாளரின் மனைவி.

“ஜனமெல்லாம் வெள்ளை உடுத்தி, மெழுகுவத்தியோட உட்கார்ந்திருக்கு. ‘இப்போது பாடகர் குழு சமாதானப் பாடலைப் பாடும்’னு போதகர் சொல்றார். திரும்பிப் பார்த்தா பாடகர் வரிசை முழுக்கக் காலி. நானும் ஆர்கன் வாசிக்கிற பொண்ணும் மட்டும் நின்னு கத்திட்டு வந்தோம்.”

“நல்லாத்தான் இருந்தது” என்றார் கணவர்.

“எனக்குப் பாட வராதுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கறவர் நீங்க. இப்ப சமாளிக்காதீங்க.”

பாலஸ்தீனத்திலும் இஸ்ரேலிலும் சமாதானம் வர வேண்டும் என்று சர்ச்சில் சிறப்பு ஆராதனை. முழுக்க முழுக்க அவள் ஏற்பாடு. காகிதப் புறாக்களை வெட்டி வெட்டிப் பெருவிரல் கொப்பளித்திருந்தது. நேற்று சாயங்காலம் பாட்டு மாஸ்டரிடமிருந்து போனில் ஒரே வரி வந்தது: ‘நாளைக்கு நாங்க பாட வரல, மன்னிச்சிடுங்க.’ கூப்பிட்டால் எடுக்கவில்லை. காலையில் மனசு மாறி வந்துவிடுவார் என்று நம்பியிருந்தாள்.

“வண்டியை அவர் வீட்டுக்கு விடுங்க.”

“இன்னைக்கு வேணாம்மா. இப்பதான் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்காங்க, நாம இல்லன்னா நல்லா இருக்காது. அப்புறம் கமிட்டியில பேசிக்கலாம்.”

“கமிட்டியில நீங்க தட்டிக் கொடுத்து அனுப்பிடுவீங்க. அங்க பிள்ளைங்க செத்துட்டு இருக்கு. இவருக்கு ஞாயித்துக்கிழமைத் தூக்கம் கேக்குது.”

“நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும்.”

“எல்லாரையும் நல்லவங்கன்னே நினைங்க. அதான் உங்க தலையில மிளகா அரைக்கிறாங்க.”

அவர் காலியான ரோட்டிலும் மெதுவாகவே ஓட்டினார்.

பாட்டு மாஸ்டரின் வீடு இரண்டாவது மாடியில். கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்புகளும் ஷூக்களும் குவிந்து கிடந்தன. பாடகர் குழு மொத்தமும் இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு உச்சிக்கு ஏறியது.

“வெட்கமா இல்லையா மாஸ்டர்? உங்களை நம்பி...”

“அக்கா, கொஞ்சம் மெதுவா. உள்ள பேசிட்டு இருக்காங்க.” மாஸ்டர் ஓடிவந்தார். அவளுக்குப் பின்னால் படியேறி வந்தவரைப் பார்த்ததும் முகம் மாறியது. “அண்ணன் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?”

“என்ன சொல்லணும்?”

“உள்ள வந்து உட்காருங்கக்கா.”

கூடத்தில் பாடகர்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சோபாவில் அறிமுகமில்லாத இரண்டு பெண்கள். ஒருத்தி தலையில் துணி சுற்றியிருந்தாள். மற்றவளுக்கு ஒட்ட வெட்டிய நரைமுடி. அவர்கள் சொல்லச் சொல்ல மாஸ்டரின் மனைவி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைத்துணிக்காரி பாலஸ்தீனத்தவள். “ஸ்கூல் விட்டு வந்துட்டு இருந்த என் பையனைச் சுட்டாங்க. அப்புறம் வீட்டை இடிச்சாங்க. மறுநாள் எங்க தெருவுல ஒரு சத்தம் இல்ல. அதையும் சிலபேர் சமாதானம்னு சொன்னாங்க. நியாயம் இல்லாம சும்மா வாயை மூடிட்டு இருக்கறதுக்குப் பேர் சமாதானம் இல்ல.”

நரைமுடிக்காரி இஸ்ரேலைச் சேர்ந்தவள். “பஸ்ல குண்டு வெடிச்சு என் பொண்ணு போயிட்டா. அவ பேரைச் சொல்லி இவங்க பிள்ளைங்களைக் கொல்லாதீங்கன்னு எங்க ஊர்ல சொன்னேன். துரோகின்னு மூஞ்சியில துப்பினாங்க. அதிலேர்ந்து நாங்க எங்க போனாலும் சேர்ந்துதான் போறோம். எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. ஆனா எங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்காக மட்டும் பண்ணாதீங்க. உங்ககிட்ட ஓட்டுக் கேட்டு வர்றவங்களை நிறுத்தி, எங்களுக்காக ஒரு கேள்வியாவது கேளுங்க.”

செயலாளரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மாஸ்டர் மேலிருந்த கோபம் இறங்கவில்லை.

“இவங்களை வீட்டுக்குள்ள ஏன் ஒளிச்சு வெச்சீங்க?” என்று அவரிடம் சீறினாள். “நேரா சர்ச்சுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் ஒருத்தி காகிதத்தை வெட்டிட்டுக் கிடந்தேனே.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என்ன கேட்கிறாள் என்று நரைமுடிக்காரி விசாரித்தாள். மாஸ்டரின் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அவங்களைத் திட்டாதீங்க” என்றாள் நரைமுடிக்காரி. “ஆராதனை முடிஞ்சதும் சர்ச் ஹால்லதான் பேசறதா இருந்தோம். ஹால்ல பெயின்ட் அடிக்கிறாங்களாமே. நேத்து உங்க செயலாளர் போன்ல ரொம்ப அன்பாச் சொன்னார். எங்களுக்காக ஜெபிக்கிறதாவும் சொன்னார். இடம் இல்லாம நின்னப்ப இவங்கதான் வீட்டைத் திறந்து விட்டாங்க. எங்களை விட்டுட்டு அங்க போய்ப் பாட மனசு வரலன்னு எல்லாரும் இங்கயே உட்கார்ந்துட்டாங்க.”

செயலாளரின் மனைவி மெல்லத் திரும்பினாள்.

கணவர் உள்ளே வரவே இல்லை. வாசலில், செருப்புக் குவியலுக்கு நடுவே நின்றிருந்தார்.

“அரசியல் ஆயிடும்னு கமிட்டியில பயந்தாங்க” என்றார் தனக்கே கேட்காத குரலில். “சபை ரெண்டாப் போயிடும். உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவேன்னுதான்...”

அவள் கிட்டே போய், அவர் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சோபாவுக்குத் திரும்பி வந்தாள்.

“பெயின்ட் எல்லாம் ஒண்ணும் அடிக்கல. அதே ஹால்லதான் ஜனமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்கு. எந்திரிங்க, அவங்க கைகழுவறதுக்குள்ள போயிடலாம். நீங்க ரெண்டு பேரும் கார்ல ஏறிக்குங்க, நான் ஓட்டறேன்.”

“அப்ப அண்ணன்?” என்றார் மாஸ்டர்.

“நமக்காக ஜெபம் பண்ணிட்டே நடந்து வருவார்.”