செத்துக் காட்டும் மீன்

வண்ணமீன் கடைத் தொட்டியில் ‘வரிக்குதிரை சிக்லிட், சாது’ என்று ஒட்டியிருந்ததை நம்பித்தான் அறவாழி அந்த மீனை வாங்கிவந்து மனைவி வசுமதி வளர்த்த மோலி என்ற சின்ன மீன்களோடு விட்டான். ஆனால் அதன் உடம்பில் வரிகளே இல்லை, திட்டுத் திட்டாகப் பழுப்புதான் இருந்தது. மோலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், வயிறு தள்ளிய ஒரு கறுப்பு மோலி மட்டும் மிஞ்சியது.

அன்று காலை புது மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது.

“போய்ச் சேந்துருச்சு. எடுத்துப் போடுங்க, தண்ணி நாறிடும்,” என்றாள் வசுமதி.

அறவாழி வலையோடு குனிந்தான். செவுள் மெல்ல அசைவதைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“வசு, இது வரிக்குதிரையே இல்ல! ஆப்பிரிக்காவுல மலாவி ஏரியில ஒரு மீன் உண்டு, செத்த மாதிரியே நடிக்கும். அழுகின பிணம்னு நம்ப வைக்கத்தான் இந்தத் திட்டெல்லாம். கொத்தித் தின்ன சின்ன மீன் கிட்ட வரும். வாய்க்கு நேரா வந்ததும் ஒரே லபக்! அதுவரைக்கும் அசையாது.”

“பாத்திரம் கழுவச் சொன்னா நீங்க படுத்துக்கற மாதிரி,” என்றாள் அவள்.

அப்போது மோலி கீழே இறங்கியது. கிடந்த மீனின் வாலை மோந்துவிட்டுத் தலைப்பக்கம் நகர்ந்தது.

“அய்யோ, வலைய உள்ள விடுங்க!”

“இரு, இரு. அதோட கண்ணப் பாரு, மெதுவாத் திரும்புது பாரு.” அறவாழியின் மூக்கு தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

“ஏங்க, அது பிள்ளைத்தாச்சிங்க!”

“உஷ்,” என்றான் அறவாழி. அவன் கையில் இருந்த வலை இன்னும் நனையவில்லை.