ஆனேக்கல் ரோடு டெஸ்ட்

“ஸ்கூட்டர் பேட்டரியை இந்தப் பக்கம் தள்ளு ரெமி! லேப்டாப் செத்துக்கிட்டிருக்கு!”

மௌரீன் கத்திவிட்டு ஒயரைப் பல்லால் கடித்து உரித்தாள். பெங்களூரு ஈஜிபுரா முழுக்கக் கரண்ட் இல்லை. சென்னை காப்புரிமை அலுவலகத்திலிருந்து வீடியோ விசாரணைக்கு எந்த நிமிடமும் அழைப்பு வரலாம்.

ரெமிஜியஸ் பேட்டரியைத் தள்ளினான். மௌரீன் ஒயரை இன்வர்ட்டரில் செருக, லேப்டாப்பும் ரூட்டரும் கண் விழித்தன.

“கல்யாணத்தன்னைக்குக் கூட நீ இவ்வளவு அவசரப்படல மௌரீன்.”

“அன்னைக்கு நீ ஓடிட மாட்டேன்னு தெரியும். இது ஓடிடும்.”

‘இது’ என்று அவள் சொன்னது மேஜைமேல் இருந்த சக்கரத்தை. அதற்குள்ளேயே ஒரு மோட்டார். செயின் இல்லை, பெல்ட் இல்லை, எவ்வளவு ஏற்றமானாலும் சூடாகாது. அதன் செம்புக் கம்பிக் காயில்களைச் சுற்றும் முறையைக் கண்டுபிடித்தவள் மௌரீன். பாலிடெக்னிக் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இந்த ஷெட்டே கதியென்று கிடந்து கண்டுபிடித்தது. மற்றதெல்லாம் ரெமிஜியஸ். விண்ணப்பத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தது.

“பயமா இருக்கா?” என்றான்.

“மாதா பாத்துப்பா. வருஷம் தவறாம ஆகஸ்ட் இருபத்தொம்பது வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்குப் போய், செப்டம்பர் எட்டு திருவிழா முடிஞ்சுதானே திரும்புறேன். சும்மாவா?”

“நீ அங்க கும்பிடு. இங்க நான் வெக்கிற ரசத்தை நானே குடிக்கிறேன் பாரு, அது அதைவிடப் பெரிய தவம்.”

அவள் சிரிப்பதற்குள் திரையில் முகங்கள் வந்துவிட்டன. ஒன்று, தீர்ப்புச் சொல்லப்போகும் கன்ட்ரோலர் ஃபாத்திமா. இன்னொன்று, எதிர்ப்பு மனு போட்டிருந்த பெரிய வண்டிக் கம்பெனியின் வக்கீல் ஷ்ரேயாஸ்.

பழைய டிசைன்களோடு ஒப்பிட்டுச் சொன்ன ஆட்சேபங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மௌரீன் காயிலைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பதில் சொன்னாள். ஃபாத்திமா தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டாள்.

ஷ்ரேயாஸ் அசரவில்லை. “கடைசியா ஒண்ணு, மேடம். ஆனேக்கல்ல ஒரு பேக்கரி தன் விளம்பரத்துக்கு எடுத்த வீடியோ. இவங்க விண்ணப்பம் போட்டதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, செப்டம்பர் மூணாம் தேதி நெட்ல ஏத்தியிருக்காங்க. அன்னைக்குக் காலையில எடுத்ததுதான்.”

வீடியோ ஓடியது. பேக்கரி வாசலில் கேக் வெட்டுகிறார்கள். பின்னால், சாலையோரம் ஒரு ஸ்கூட்டர். ரெமிஜியஸ் சக்கரத்தின் மூடியைக் கழற்றி உள்ளே சுட்டிக்காட்டி ஏதோ விளக்குகிறான். பக்கத்தில் குனிந்து பார்ப்பது ஒரு பெண். தலையில் ஹெல்மெட். முதுகுதான் தெரிகிறது.

“வெளியாளுக்கு உள்பாகத்தைத் திறந்து காட்டியாச்சு. அப்புறம் போட்ட விண்ணப்பம் எப்படி மேடம் புதுக் கண்டுபிடிப்பாகும்?” என்றான் ஷ்ரேயாஸ். “நாளைக்கே இதை யார் வேணா செய்யலாம். எங்க கம்பெனியும்தான்.”



“வெளியாள் இல்ல மேடம்!” ரெமிஜியஸ் முந்திக்கொண்டான். “அது என் மிஸஸ். ரோடு டெஸ்ட்டுக்குப் போயிருந்தோம்.”

“மிஸஸ்னா விண்ணப்பத்துல இருக்கிற இதே மௌரீனா?”

“ஆமா மேடம். ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சது. அவளுக்குக் காட்டாம யாருக்குக் காட்டுவேன்?”

ஃபாத்திமா கண்ணாடியைக் கழற்றினாள். “அப்படின்னா பிரச்சினையே இல்லை. ஆனா அதை அவங்க சொல்லணும். எழுதியும் கொடுக்கணும். மௌரீன்?”

மேஜைக்கு அடியில் ரெமிஜியஸின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது.

“இன்னொரு தடவை போடுங்க மேடம்,” என்றாள் மௌரீன்.

மீண்டும் ஓடியது. அந்தப் பெண் சக்கரத்துக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். விரலெல்லாம் கிரீஸ். ரெமிஜியஸ் கர்சீப்பை எடுத்து, ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல் துடைத்துவிடுகிறான்.

ஃபாத்திமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மிஸ்டர் ஷ்ரேயாஸ், வண்டி பாக்க வந்த கஸ்டமருக்கு யாரும் இப்படி விரல் துடைச்சுவிட மாட்டாங்க.”

மௌரீன் மேஜைமேல் இருந்த சக்கரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு காயிலும் அவள் கையால் சுற்றியது. பிறகு கேமராவைப் பார்த்தாள்.

“நான்தான் மேடம்,” என்றாள். குரல் பிசிறவில்லை.

“சரி. பாக்கி இருந்தது இந்த ஒரு ஆட்சேபம்தான். அதையும் நான் ஏத்துக்கல. எழுத்துமூலம் ஆர்டர் வரும். கங்கிராட்ஸ், மௌரீன்.”

ஷ்ரேயாஸின் முகம் முதலில் மறைந்தது. பிறகு ஃபாத்திமாவின் முகமும் போய்த் திரை கறுத்தது.

ரெமிஜியஸ் குதிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பாமல் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

“ஜெயிச்சுட்டோம்ல? சிவாஜி நகர் போய் பிரியாணி வாங்கிட்டு வரேன். நீ உக்காரு.”

சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினான். மௌரீன் ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“இப்ப சொல்லு, ரெமி. யாரு அவ?”